மூன்றாம் அறையின் பின்கதவு

ஜனவரி 12

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. போனில் பேசலாம்தான். உன் குரலைக் கேட்டால் மன்னித்துத் தொலைத்துவிடுவேனோ என்று பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

லேபர் கோர்ட் தீர்ப்பின் நகல் நேற்றுத்தான் கைக்கு வந்தது. முப்பத்தொரு பக்கம். உன் அண்ணி சத்தமாகப் படிக்கச் சொன்னாள். பதினான்காவது பத்தி வந்ததும் போதும் என்று எழுந்து போய்விட்டாள். நீயும் படிக்க வேண்டும் என்பதற்காக அதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

“மூன்றாம் எண் குளிர் அறையின் பின்சுவரில் அவசரக் கதவு ஒன்று இருந்தது. விபத்துக்குப் பின் அது பாதுகாப்புக் கருதித் தகட்டால் மூடப்பட்டது. அதன் சாவி விபத்தன்று காலை ஸ்டோர் பொறுப்பாளரால் மனுதாரருக்குக் கையொப்பம் பெற்று வழங்கப்பட்டது. மனுதாரர் அக்கதவைத் திறந்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். அவர் திறக்கவில்லை. இவை மெய்ப்பிக்கப்பட்ட உண்மைகள் என இந்நீதிமன்றம் முடிவு செய்கிறது. பணிநீக்கம் செல்லும்.”

அந்தச் சுவரில் கதவு ஏது? மீன் வெட்டுகிற பெண்களிலிருந்து லாரி டிரைவர் வரைக்கும் தெரியும், அங்கே கதவு கிடையாது. பின்னால் கழிவுநீர் வாய்க்கால். கதவு வைத்தால் வெளியே காலை எங்கே வைப்பது, தலையிலா? சட்டப்படி இரண்டாவது கதவு வைத்திருக்க வேண்டும், கம்பெனி வைக்கவில்லை. அம்மோனியாக் குழாய் வெடித்த அன்று முன்கதவின் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. உள்ளே, பாடிக்கொண்டே ஐஸ் இழுக்கிற நம் பாட்டுக்காரர். வெளியே கம்ப்ரஸர் ஆபரேட்டர் நான், கையில் ஒரு கடப்பாரையோடு. ஐஸ் இழுக்கிற கொக்கியால் அவர் கதவை அடித்த ஒவ்வொரு அடியும் என் உள்ளங்கையில் விழுந்தது. அடி நின்ற பிறகும் நான் நெம்பிக்கொண்டுதான் இருந்தேனாம். இழுத்து வந்தவர்கள் சொன்னார்கள். அன்று போன இடது கண் இன்னும் நீர் வடிக்கிறது.

கதவு வைக்காத பழியிலிருந்து தப்ப, திறக்காத பழியைக் கம்பெனி என் தலையில் கட்டியது. அது அவர்கள் பிழைப்பு. ஆனால் இல்லாத கதவுக்குச் சாவி கொடுத்ததாக ரிஜிஸ்டரில் எழுதி, என் கையெழுத்தையும் நீயே போட்டு, கூண்டில் ஏறி என் முகத்தைப் பார்க்காமல் “ஆமாங்க, குடுத்தேன்” என்றாயே. அதுதான் எனக்கு ஆறவில்லை.

பாட்டுக்காரர் மனைவி ஒருத்திதான் நாலு வருஷமாக என்னை நம்பியவர். தீர்ப்பு வந்த அன்று போன் செய்தேன். “கோர்ட்டே சொல்லிடுச்சே தம்பி” என்று வைத்துவிட்டார். வேலை போனால் போகட்டும், இங்கே ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்துப் பிழைத்துக்கொள்கிறேன். அந்த அக்கா முன்னால் நான் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் மேல் கோர்ட்டில் ரிட் மனு போடுகிறேன்.

பதில் எழுதாதே.

அண்ணன்

*

ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

விபத்து நடந்த நாலாம் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அந்த அறையில் அதுவரை யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. “சாவியெல்லாம் உங்க பொறுப்பும்மா. அவசரக் கதவுக்குச் சாவி இல்லைன்னா அது உங்க தலையிலதான் விடியும். ஒரு சாவு நடந்திருக்கு. நீங்க உள்ளே போயிட்டா பொண்ணை யார் பார்த்துப்பா?” என்றார். அவள் அப்போது பத்தாவது. அப்பா இல்லாத பிள்ளை. குவார்ட்டர்ஸை விட்டால் எங்களுக்கு வேறு கூரை இல்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை அண்ணா. சாக்குத்தான் என்று எனக்கே தெரியும்.

சாவிப் பலகையில் எட்டு ஆணிதான் உண்டு. ஒன்பதாவதை நானே அடித்தேன். சுத்தியல் எடுத்ததைக்கூட ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுத்தான் எடுத்தேன், கை பழகிவிட்டது பார். அதில் சாவி மாட்டவில்லை. நீ வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை என்பதுதானே கதை. உன் பழைய லீவ் லெட்டரை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு தாளில் பன்னிரண்டு தடவை உன் கையெழுத்தைப் போட்டுப் பழகினேன். அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. எரிக்க மனசு வரவில்லை.

மேல் கோர்ட்டுக்கு என்னைக் கூப்பிடு. பொய் சொன்னேன் என்று கூண்டில் ஏறிச் சொல்கிறேன். என்ன ஆனாலும் ஆகட்டும்.

இன்னொன்று. மூன்றாம் அறைப் பின்சுவரில், கோர்ட்டுக்குக் காட்டுவதற்காக வெறும் சுவரின் மேல் தகடு அடித்தார்கள் அல்லவா? தீர்ப்பு வந்த வாரத்திலிருந்து அந்தத் தகட்டில் உறைபனி பிடிப்பதில்லை. முழுத் தகட்டிலும் அல்ல, நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு கட்டம் மட்டும். சுற்றிலும் வெள்ளை, அந்த இடம் மட்டும் ஈரமாக, கறுப்பாக. நாடா வைத்து அளந்தேன். உயரம் ஆறடி மூன்றங்குலம், அகலம் இரண்டடி பத்தங்குலம்.

குறுக்கு விசாரணையில் கதவின் அளவைக் கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொன்னேனே. அதே அளவு.

உன் தங்கை

*

பிப்ரவரி 20

தங்கச்சி,

கிழிக்கவில்லை. அண்ணி விடவில்லை.

வக்கீலிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். மனுஷன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். “கதவு இருந்துச்சா இல்லையாங்கிறது இனிமே கேள்வியே இல்லைங்க. அப்படி முடிவுக்கு வர லேபர் கோர்ட் கையில ஏதாவது சாட்சியம் இருந்துச்சா, விசாரணையை முறையா நடத்தினாங்களா, அதிகாரத்தை மீறினாங்களா, இவ்வளவுதான் மேல பார்ப்பாங்க. முடிவு சரியான்னு பார்க்க மாட்டாங்க, முடிவு எடுத்த விதம் சரியான்னுதான் பார்ப்பாங்க. சாட்சியத்தைத் திரும்ப எடை போடறது அங்கே வேலை இல்லை” என்றார்.

“சாட்சி சொன்னவளே வந்து பொய்யின்னு சொன்னா?” என்று கேட்டேன்.

“புதுச் சாட்சியை ரிட்ல எடுக்க மாட்டாங்க. எடுத்தாலும், பாசத்துல இப்ப மாத்திச் சொல்றாங்கம்பாங்க. அன்னிக்கு அண்ணன்னு பார்க்காம சொன்னாங்களே, அதைத்தான் நம்புவாங்க. எதுக்கும் மனுவோட சேர்த்துத் தாக்கல் பண்ணி வைப்போம்” என்றார். நீ சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டிய தாள் இதோடு வருகிறது. போட்டு அனுப்பு.

உன்னைத் திட்டித் தீர்க்கிற நான் என் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். லேபர் கோர்ட்டில் வழக்கு நடந்தபோது யூனியன்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார், நீதிபதியை நேரில் வந்து பார்க்கச் சொல்லி ஒரு மனு போடலாம், தகட்டைக் கழற்றினால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது என்று. நான்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “இல்லாத கதவை இல்லைன்னு காட்ட ஒரு ஜட்ஜ் வேற வரணுமா? ஊருக்கே தெரியும்” என்றேன். ஊர் வாயை மூடிக்கொண்டது. அப்போது கேட்காததை இப்போது கேட்க முடியாதாம்.

உறைபனி விஷயத்துக்கு வருகிறேன். தகட்டுக்குப் பின்னால் ஈரம் இறங்கியிருக்கும், இன்சுலேஷன் போயிருக்கும். இருபது வருஷம் அந்த மெஷினோடு குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன். மனசு உறுத்துகிறவளுக்கு மாவு கொட்டிக் கிடந்தாலும் பேயாகத்தான் தெரியும்.

அண்ணன்

*

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாளில் கையெழுத்துப் போட்டு வக்கீல் முகவரிக்கே அனுப்பிவிட்டேன். மேனேஜருக்கு விஷயம் எட்டியிருக்கும். வழியில் பார்த்தால் நலமா என்று கேட்கிறார். அது இன்னும் பயமாக இருக்கிறது.

தகட்டு ஆணிகள் கழன்று விழ ஆரம்பித்தன. தினம் காலை அறையைத் திறந்தால் தரையில் இரண்டு மூன்று கிடக்கும். பொறுக்கி டப்பாவில் போட்டு வைத்தேன். முப்பத்தாறு சேர்ந்த அன்று தகடு சரிந்து கிடந்தது.

பின்னால் கதவு இருக்கிறது, அண்ணா.

நீ சிரிக்காமல் படி. பச்சை வண்ணம் அடித்த இரும்புக் கதவு. புதுசு இல்லை. வண்ணம் உரிந்த இடத்தில் அடியில் சாம்பல் நிறம், அதற்கும் அடியில் செம்மண் நிறம். மூன்று தடவை வண்ணம் கண்ட கதவு. கீல்களில் பழைய கிரீஸ் கறுத்துக் கெட்டியாகிக் கிடக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வருஷக் கணக்கான கிரீஸ்.

இந்தக் கம்பெனிக்குள் ஒரு ஸ்க்ரூ வாங்கினாலும் என் ரிஜிஸ்டரில் ஏறாமல் உள்ளே வராது. பன்னிரண்டு வருஷப் புத்தகத்தைப் புரட்டிவிட்டேன். கதவு வாங்கவில்லை. கீல் வாங்கவில்லை. பச்சை வண்ணம் ஒரு டப்பாகூட வாங்கியதில்லை. வெளியாள் யாரும் வரவில்லை, வாட்ச்மேனைக் கேட்டேன். சுவரை உடைத்திருந்தால் தூசியாவது இருக்குமே, அதுவும் இல்லை.

பூட்டியிருக்கிறது. என்னிடம் சாவி இல்லை.

உன் தங்கை

*

ஏப்ரல் 24

தங்கச்சி,

மேனேஜர் கெட்டிக்காரர். எவனோ எப்போதாவது வந்து பார்த்தால் என்று ஞாயிற்றுக்கிழமையில் ஆள் விட்டுப் பழைய கதவு ஒன்றைப் பொருத்திவிட்டார். பழைய இரும்புக் கடையில் இந்த மாதிரிக் கதவு நூறு கிடக்கும். வாட்ச்மேன் யார் ஆள்? அவர் ஆள். உன் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டா இந்த வேலையெல்லாம் செய்வார்கள்? இதுக்குப் போய்க் கதை கட்டுகிறாய்.

இனிமேல் அந்தக் கதவைப் பற்றி எனக்கு எழுதாதே. நீ எழுதுவதைப் படித்த பிறகு கண்ணை மூடினால் அந்தப் பச்சை நிறம் தெரிகிறது. நான் பார்க்காத நிறம் எனக்கு ஏன் தெரிய வேண்டும்? எரிச்சலாக இருக்கிறது.

ஜூனில் விசாரணை. உன் பெண் பரீட்சை எப்படி எழுதினாள்? மாமா கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

ஜூன் 18

தங்கச்சி,

முடிந்துவிட்டது.

காலையிலிருந்து காத்திருந்தோம். எங்கள் முறை வந்து நாலு நிமிஷம். பெரிய அறை, உயரத்தில் மின்விசிறி, எனக்கு முன்னால் இருந்தவர் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார். நீதிபதி நல்ல மனிதர். கோபப்படவில்லை, அவசரப்படவில்லை. நம் வக்கீல் சுவர், வாய்க்கால் என்று ஆரம்பித்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார். “அந்தச் சுவரில் கதவு இருந்ததா இல்லையா என்பது இந்த நீதிமன்றத்தின் முன் உள்ள கேள்வி அல்ல” என்றார். அப்படிச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். எனக்கு ஆறுதல் சொல்வது போல இருந்தது அந்தப் பார்வை.

லேபர் கோர்ட்டின் கையில் சாட்சியம் இருந்தது, ரிஜிஸ்டர் இருந்தது, விசாரணையில் குறை இல்லை. நேரடி ஆய்வு கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. சாட்சியின் பிந்தைய வாக்குமூலத்தை இந்தக் கட்டத்தில் ஏற்க இயலாது. உண்மைகள் பற்றிய முடிவு இறுதியானது. மனு தள்ளுபடி. இவ்வளவுதான்.

வெளியே வந்து வக்கீலிடம், இறுதியானது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். கிறுக்குத்தனமான கேள்விதான். அவர் யோசித்துவிட்டு, “இனிமே சட்டத்தோட கண்ணுக்கு அந்தக் கதவு இருந்துச்சு. அவ்வளவுதான். வழக்குன்னு ஒண்ணு எங்கயாவது முடியணுமில்லையா? முடியலைன்னா யாருமே வீட்டுக்குப் போக முடியாது” என்றார். மேலே இன்னும் ஒரு படி இருக்கிறதாம், அங்கேயும் இதையேதான் சொல்வார்களாம்.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்தில் இருந்தவர் கண் வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அண்ணன்

*

ஜூலை 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதாதே என்றாய், ஆனால் இதை எழுதாமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

தீர்ப்பு வந்த மறுநாள் காலை நான் போனபோது பின்கதவு திறந்திருந்தது. மீன் பெட்டி தூக்குகிறவர்கள் அது வழியாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். சும்மா, சாதாரணமாக. வெளியே மூன்று சிமெண்ட் படி. படியில் பாசி. நடுவில் கால் பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. கீழே வாய்க்கால் ஓரமாக ஒற்றையடிப் பாதை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கே தண்ணீர்தான் ஓடியது, அண்ணா.

சூப்பர்வைசரைக் கேட்டேன். உன்னை இழுத்து வெளியே கொண்டுவந்தவர், உனக்காக என் எதிரில் அழுதவர், பயத்தால்தான் சாட்சிக்கு வராதவர். “இது எப்ப வந்துச்சு?” என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “எது? பின்கதவா? கட்டிடம் கட்டுன காலத்துலேருந்து இருக்கே. நீதானம்மா கோர்ட்ல சொன்னே” என்றார். பயந்து பேசவில்லை. மேனேஜர் பக்கத்தில் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லையோ என்று மெய்யாகவே கவலைப்பட்டார்.

அடுத்து நான் முன்கதவைப் பார்க்கப் போனேன். பாட்டுக்காரர் உள்ளிருந்து கொக்கியால் அடித்த குழிகள் அதில் உண்டு. பதினேழு. நான் எண்ணியிருக்கிறேன், எதையும் எண்ணுகிற புத்தி எனக்கு. ஒன்றும் இல்லை. கதவு மழமழவென்று இருந்தது. கையால் தடவித் தடவிப் பார்த்தேன்.

பின்கதவின் உட்புறத்தில் இருக்கின்றன. நெஞ்சு உயரத்தில். பதினேழு.

அவர் இந்தப் பக்கம் நின்று தட்டியிருக்கிறார் என்று காட்டுகிறது அது. யாராவது படியேறி வந்து திறப்பார்கள் என்று காத்திருந்து தட்டியிருக்கிறார். அப்படி நடக்கவில்லை. நடக்கவே இல்லை. நீ முன்பக்கம் நின்றாய், அவர் முன்பக்கம் தட்டினார், நீ கடப்பாரை போட்டு நெம்பியதை எத்தனை பேர் பார்த்தார்கள்!

அண்ணா, நீ உறுதியாக இரு. ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

உன் தங்கை

*

ஜூலை 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமா? பெண் நலமா? இங்கே அண்ணியும் நானும் நலம்.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போன வாரம் ஒரு ஃபிரிட்ஜைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சின்ன ஸ்பேனர் தேடி டூல் பாக்ஸின் அடித்தட்டைத் தூக்கினேன். ஒரு சாவி கிடந்தது. நீளச் சாவி, தலையில் ஒன்பது என்று வெட்டியிருக்கிறது. நாலு வருஷமாகத் தினமும் திறந்து மூடுகிற பெட்டி அது. எடுத்துக் கையில் வைத்தேன். கைக்கு அது பழக்கமாக இருந்தது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எந்த இடத்தில் சற்று இறுகும் என்று விரலுக்குத் தெரிந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று அண்ணியிடம் கத்தினேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன்.

முன்கதவில் நான் நெம்பியது உண்மை. ஆனால் அதற்கு முன்னால்? குழாய் வெடித்த சத்தம் கேட்டதற்கும் கடப்பாரையைக் கையில் எடுத்ததற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறது தங்கச்சி. நான் அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமே சொல்லிக்கொண்டதில்லை. சட்டைப் பையில் சாவி இருந்தது. பின்பக்கம் ஓடினேன். படியேறினேன். மூன்றாவது படியின் வலது முனை உடைந்திருக்கும், அதில் கால் இடறியது. கதவுக்கு அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம். கதவிடுக்கில் அம்மோனியா சீறிக்கொண்டு வந்து கண்ணில் அடித்தது. பயந்துவிட்டேன். இறங்கி முன்பக்கம் ஓடி, எல்லாரும் பார்க்கிற இடத்தில் கடப்பாரையைப் போட்டு நெம்பினேன்.

நாலு வருஷமாக உன்னைத் திட்டினேன். என் தப்பைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் உன்னைத் திட்டினேன். மன்னித்துவிடு.

இப்போது மனசு லேசாக இருக்கிறது. அடுத்த மாதம் அங்கே வருகிறேன். பாட்டுக்காரர் மனைவியைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழப் போகிறேன்.

அன்புள்ள அண்ணன்

*

ஆகஸ்ட் 2

அண்ணா,

வேண்டாம். வராதே. அந்தச் சாவியை வாய்க்காலிலோ குப்பையிலோ எறி.

நான் சொல்வதைக் கவனமாகக் கேள். சாவி நான் கொடுக்கவில்லை. கொடுக்கச் சாவி இருந்ததில்லை. ஒன்பதாவது ஆணியை விபத்துக்குப் பிறகு நான் அடித்தேன், உன் கையெழுத்தை நான் போட்டேன். படி என்று நான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் உனக்குப் படி ஞாபகம் வருகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் உடைந்த முனையை நான் உனக்கு எழுதவில்லை. உன் கடிதம் வந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தேன். வலது முனை உடைந்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பயந்ததில்லை.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து கையெழுத்துப் பழகிய தாளைத் தேடினேன். தாள் இருக்கிறது. மடிப்புகூட அப்படியே இருக்கிறது. அதில் ஒன்றும் எழுதவில்லை, வெறும் தாள். ஸ்டோர் ரிஜிஸ்டரை எடுத்தேன். நான் போட்ட கையெழுத்தில் கடைசிச் சுழி சரியாக வராமல் திருத்தியிருந்தேன், எனக்கு அது நன்றாகத் தெரியும். இப்போது திருத்தல் இல்லை. நீ போடுகிற மாதிரியே, அவசரமாக, கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது சுழி.

நீ வருவதற்கு முன்னால் நான் முந்திக்கொள்ள வேண்டும் என்று பாட்டுக்காரர் மனைவியைத் தேடிப் போனேன். பேக்கிங் பிரிவில்தான் இருக்கிறார். கையுறையைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். கூண்டில் சொன்னது பொய், அந்தச் சுவரில் கதவே இல்லை, என் அண்ணன் மேல் தப்பு இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா இப்படிச் சொல்றே? சாப்பாட்டு நேரத்துல அவர் அந்தக் கதவு வழியாத்தானே வெளியே வருவார். மேல் படியில உட்கார்ந்து பாடுவார், நான் கீழ் படியில உட்கார்ந்து கேட்பேன். வாய்க்கால்ல தண்ணி போற சத்தத்தோட கேட்க அவ்வளவு நல்லாயிருக்கும்” என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “அண்ணனைக் காப்பாத்தத்தான் வந்திருக்கேன்னு புரியுது. என் தம்பியா இருந்தா நானும் இதைத்தான் செய்வேன்” என்றார்.

சொல் அண்ணா. அவர் ஞாபகத்தில் புருஷன் உட்கார்ந்து பாடுகிற படியை நான் எப்படி இல்லை என்பேன்?

அந்தச் சுவரை வெறும் சுவராக நினைவு வைத்திருப்பது இனி நான் ஒருத்திதான். நேற்று ஸ்டோரில் ஏதோ வேலையாக இருந்தபோது, ஒன்பதாம் சாவி எங்கே என்று பலகையைப் பார்த்து ஒரு நொடி தேடினேன். தேடினேன் அண்ணா. அப்புறம்தான் உறைத்தது. எத்தனை நாள் என்னால் தாங்க முடியும் என்று தெரியவில்லை. நானும் மறந்துவிட்டால் நீ கொலைகாரனாகவே ஆகிவிடுவாய், அப்படி ஆக்கியது நான் என்பதுகூட யாருக்கும் தெரியாது.

நீ நம்பாவிட்டாலும் பரவாயில்லை. எனக்காக ஒரு தாளில் ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பு. “என் தங்கச்சி பொய் சொன்னாள்.” உன் கையால், உன் கையெழுத்தோடு. தினமும் காலையில் எழுந்ததும் அதைப் படிப்பேன். என்னை நீ திட்டிய முதல் கடிதத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. உறை மட்டும் இருக்கிறது.

சீக்கிரம் எழுது.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ கேட்டதை எழுதத்தான் உட்கார்ந்தேன். “என் தங்கச்சி” வரைக்கும் வந்தது. அதற்கு மேல் பேனா போகவில்லை. அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் முயன்று பார்த்தேன். தாளைக் கிழித்துவிட்டேன்.

நீ கூண்டில் நின்று உண்மையைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொந்த அண்ணனுக்கு எதிராக உண்மை சொல்வது லேசான காரியமா? அன்று எனக்கு அது புரியவில்லை. அதை மறைக்க என்னைப் பற்றி நல்ல கதை ஒன்று கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் அதிலேயே குடியிருந்தேன். போதும்.

அந்த அக்காவிடம் போனில் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார். படியருகே பார்க்கலாம் என்றார். சாவியை எடுத்து வருகிறேன், நீ உன் ரிஜிஸ்டரில் திரும்பி வந்ததாக எழுதிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு போலீஸில் போய்ச் சொல்வதா என்று அண்ணி அழுதுகொண்டே கேட்கிறாள். அந்த அக்கா சொல்வதைச் செய்வேன்.

பன்னிரண்டு வருஷம் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தப்பாக எழுதாத நீ, என்னைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லத் துணிந்தாயே, எனக்கு அது போதும்.

உன் அண்ணன்